வீட்டிலேயே படித்தால் யாரோடு சண்டை போடுவாள்?

தை பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான். மூன்றாம் வகுப்பு முடிக்கப்போகிற மகளை ஜூனில் பள்ளிக்கே அனுப்பாமல், வீட்டிலேயே படிக்க வைத்தால் என்ன? பேச்சை ஆரம்பித்தவர் என் கணவர். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவர், 2020 ஊரடங்கில் தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்கு வந்தார். வந்தவர் தக்காளி, சாமந்தி என்று இங்கேயே தங்கிவிட்டார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத ஒரு குடும்பம் அவருடைய பழைய நண்பர் வட்டத்தில் பெங்களூரில் இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் அவர்கள் வீட்டுக்குப் போய்வந்த நாளிலிருந்து இவருக்கு வேறு நினைப்பே இல்லை.

"நீ பி.எட். படிச்சிருக்க. நான் கணக்கு, சயின்ஸ் பார்த்துக்கறேன். இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார்.

கேட்கிறவருக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பாப்பா படிப்பது ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளியில். காலை ஏழேகாலுக்கு வேன். ஊர் ஊராகச் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளி சேர எட்டரை ஆகிவிடும். திரும்பி வந்து இறங்கும்போது ஐந்தரை. அதற்குப் பிறகு டைரியில் எழுதியிருக்கும் வீட்டுப்பாடம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் வயிறு வலிக்கிறது என்பாள். டாக்டரிடம் காட்டினோம், வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். எங்களுக்கும் அது தெரிந்ததுதான்.

நான் கொஞ்ச காலம் அதுபோன்ற இன்னொரு பள்ளியில் வேலை பார்த்திருக்கிறேன். அதனால் "பள்ளிக்குப் போனால்தானே நாலு பேரோடு பழகுவாள்" என்று எல்லாரும் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கையைக் கட்டு, வாயைப் பொத்து என்று உட்காரவைத்த நாற்பது பிள்ளைகள் யாரோடு பழகுவார்கள்? தமிழில் பேசினால் லீடர் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். விளையாட்டுப் பீரியட் வந்தால் பாதி நாள் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார். பிள்ளைகள் பிள்ளைகளாக இருக்கக் கிடைப்பது சாப்பாட்டு நேரமும் வேன் பயணமும்தான்.

வேன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். என் கணவருக்கு அந்த வேனைக் கண்டாலே ஆகாது. ஆனால் பாப்பா பள்ளியைப் பற்றிச் சொல்கிற நல்ல கதைகள் எல்லாமே வேனில் நடந்தவை. பத்தாம் வகுப்பு அக்கா ஒருத்தி இவளை மடியில் உட்காரவைத்துக்கொண்டு விடுகதை போடுவாள். ஜன்னல் ஓரம் யாருக்கு என்பதற்குப் பிள்ளைகளே ஒரு முறை வைத்திருக்கிறார்கள்: போகும்போது ஒருத்தர், வரும்போது ஒருத்தர், வாந்தி வருகிறவர்களுக்கு எப்போதும் உண்டு. இதை எந்த டீச்சரும் சொல்லிக்கொடுக்கவில்லை, டிரைவர் அண்ணனும் சொல்லவில்லை.

பெங்களூர் வீட்டைப் பற்றியும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். பெரியவனுக்குப் பன்னிரண்டு வயது. நாங்கள் போனதும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, எதிரில் உட்கார்ந்து, தக்காளிக்கு ஏன் ஒரு வாரம் விலை ஏறி அடுத்த வாரம் இறங்குகிறது என்று என் கணவரிடம் கேட்டான். கழற்றி வைத்திருந்த ஒரு பழைய சீலிங் ஃபேனைக் காட்டி, எது எதற்கு என்று விளக்கினான். பெரியவர்களிடம் துளிக் கூச்சமில்லை. வாரம் ஒருமுறை, வீட்டில் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் ஒரு பூங்காவில் கூடுகிறார்கள். பெற்றோர்களும் உடன் இருப்பார்கள்.

அதே வீட்டில் மத்தியானம் பிள்ளைகள் கேரம் ஆடினார்கள். பாப்பா ஒரு தடவை சேர்த்து அடித்துவிட்டாள். "அம்மா, அவ ரெண்டு டர்ன் எடுத்துட்டா" என்று சின்னவன் உள்ளே குரல் கொடுத்தான். அவன் அம்மா வந்து, பொறுமையாக இரண்டு பேரையும் கேட்டு, அழகாகத் தீர்த்து வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான், பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒரு பிள்ளை ஒரு மத்தியானம் செய்ததை வைத்து ஒரு முறையையே எடைபோடக் கூடாது என்றும் தெரியும். ஆனாலும் அது என் மனதில் நின்றுவிட்டது.

பி.எட். படிக்கும்போது ஜான் பியாஜே பற்றிப் படித்தோம். சுவிட்சர்லாந்துக்காரர். 1930-களின் தொடக்கத்தில், கோலி ஆடுகிற பிள்ளைகளிடம் போய் உட்கார்ந்து, இந்த விதி யார் போட்டது, இதை மாற்றலாமா என்று கேட்டுக் கேட்டு எழுதியவர். சின்னப் பிள்ளைகளுக்கு விதி என்பது பெரியவர்கள் கொடுத்தது, அதைத் தொடக்கூடாது. பத்து வயதைத் தாண்டும்போதுதான், விதி என்பது நாம் கூடிப் பேசி ஒத்துக்கொண்டது, எல்லாரும் சம்மதித்தால் மாற்றலாம் என்கிற தெளிவு வருகிறது. அந்தத் தெளிவு பெரியவர்கள் சொல்லி வருவதில்லை, சம வயதுப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டித்தான் வருகிறது என்பது அவருடைய எண்ணம். அப்போது தேர்வுக்காகப் படித்தேன். இப்போது எங்கள் மாரியம்மன் கோயில் புளியமரத்தடியில் தினமும் பார்க்கிறேன்.

பங்குனிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. ஏழெட்டுப் பெண் பிள்ளைகள் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுச் சில்லை எறிந்துவிட்டு நொண்டியடித்துப் போன ஒருத்தியின் கால் கோட்டில் பட்டுவிட்டது என்று கத்தினார்கள். படவில்லை என்று இவள் சத்தியம் செய்தாள். மண்ணில் குச்சியால் கிழித்த கோடு. கால் பட்டால் அழிந்திருக்கும், அழிந்திருக்கிறதா என்று எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பாதி அழிந்திருந்தது. அது முன்னாடியே அழிந்தது என்றாள் ஒருத்தி. "நான் ஆட்டத்துக்கு வரல போ" என்று ஒருத்தி போய்ப் புளியமர வேரில் உட்கார்ந்துகொண்டாள். அப்புறம் ஒரு பெரிய பெண், "சரி, இந்த ஒரு தடவை மறுபடி ஆடட்டும், இனிமே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கோடு புதுசாப் போடணும்" என்றாள். அதற்கும் இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை. பேரம் நடந்தது. வேரில் உட்கார்ந்திருந்தவளைக் கூப்பிட ஒருத்தி போனாள். இத்தனைக்கும் நடுவில் நாலு வயதுக் குட்டி ஒன்று ஒப்புக்குச் சப்பாணியாக எல்லாக் கட்டத்தையும் மிதித்துக்கொண்டு குதித்தபடி இருந்தது. அதை யாரும் அவுட் என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

பாப்பா அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். சில்லு அவள் கையில் இருந்தது, ஆனால் ஆட்டத்தில் இல்லை. என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் போய்ச் சேர்த்துவிடுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள். நான் துணி காயப்போடுவது போல இருந்துவிட்டேன். வெகுநேரம் கழித்து அந்தப் பெரிய பெண், "ஏய், நீ என்ன நிக்கற, வரியா?" என்றாள். போனாள்.

வாரம் முழுக்க வேனில் போய்வருகிற பிள்ளைக்கு சொந்தத் தெருப் பிள்ளைகளே அந்நியம் ஆகிவிட்டார்கள். பள்ளிக்கு அனுப்பக்கூடாது என்பதற்கு இதையே என் கணவர் காரணமாகச் சொல்வார். வீட்டில் வைத்தால் மட்டும் என்ன ஆகும் என்று நான் கேட்பேன். பெங்களூரில் பூங்காவில் கூட இன்னும் பத்துக் குடும்பம் கிடைக்கும். எங்கள் ஊரில் திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஒன்பது மணிக்குமேல் தெருவில் இருப்பது கோழியும் கிழவர்களும்தான். பாப்பாவுக்குப் பேச்சுத் துணை நான், அவள் அப்பா, தாத்தா, ஆயா. எல்லாரும் அவளிடம் விட்டுக்கொடுக்கிறவர்கள்.

விட்டுக்கொடுக்காதவர்கள் வேண்டும் அவளுக்கு. நான் தேர்ந்தெடுக்காத, அவளும் தேர்ந்தெடுக்காத பிள்ளைகள். பிடிக்காவிட்டாலும் நாளைக்கும் அதே பெஞ்சில் பக்கத்தில் உட்கார வேண்டிய பிள்ளைகள். சண்டை போட்டு, பேசாமல் இருந்து, ரப்பர் கடன் கேட்கிற சாக்கில் மறுபடி பேசுகிற அந்த ஏற்பாடு வீட்டுக்குள் எப்படி வரும்?

ஊரடங்கு காலத்தில் நாங்கள் ஒரு வகையில் இதைப் பார்த்தும் இருக்கிறோம். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது அவளுக்கு மூன்று வயது. மாமனார் தினமும் செய்தித்தாளில் தலைப்புகளைக் காட்டிக் காட்டி எழுத்துக் கற்றுக்கொடுத்தார். பள்ளி வாசலை மிதிக்கும் முன்பே எழுத்துக்கூட்டித் தமிழ் படித்தாள், நூறுவரை எண்ணினாள். 2022 பிப்ரவரியில் மழலையர் பள்ளிகளைத் திறந்ததும் சேர்த்தோம். முதல் மாதம், சிறுநீர் கழிக்கப் போக வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். என் கணவர் அந்தப் படிப்பை நினைவில் வைத்திருக்கிறார், நான் அந்த ஈரமான யூனிஃபார்மை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தோம். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் சொல்லவில்லை. வீட்டில் வைத்துப் படிப்பதைப் பற்றி ஆம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. பதினான்கு வயது ஆனால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். அதற்கு முன்பே எழுத வேண்டும் என்றால், நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத வழி இருக்கிறது. ஆகவே சான்றிதழுக்குக் கதவு அடைபடவில்லை. ஆனால் வேறு சில கதவுகள் இருக்கின்றன. ஆறிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2020-இல் வந்தது. பெண் பிள்ளைகள் கல்லூரி போனால் மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டமும் அரசுப் பள்ளியில், அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்ததைத்தான் கேட்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது தூரத்துக் கணக்கு என்றாலும், விவசாயக் குடும்பத்தில் இதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது.

இணையத்தில் என் கணவர் எடுத்துக் காட்டிய ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தவை. வீட்டில் படித்த பிள்ளைகள் பழகுவதில் சோடை போவதில்லை என்று பலவற்றில் இருக்கிறது. சரி, இருக்கட்டும். ஆனால் அவற்றில் பல, தாங்களாக முன்வந்து பதில் சொன்ன குடும்பங்களிடம், அதிலும் பெற்றோர் வாயால் கேட்டு எடுத்தவை. அங்கே வீட்டில் படிப்பது 1990-களிலேயே எல்லா மாநிலங்களிலும் சட்டப்படி செல்லும். சங்கங்கள், கூட்டுறவு வகுப்புகள், விளையாட்டுக் குழுக்கள் என்று சுற்றிலும் ஓர் உலகம் அதற்காக இருக்கிறது. அந்த முடிவைக் கொண்டுவந்து பாலக்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் வைக்க முடியாது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஜெர்மனி. அங்கே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும். அதை எதிர்த்து ஒரு குடும்பம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனது. 2006-இல் நீதிமன்றம் மனுவை ஏற்கவில்லை. ஒரே நாட்டுக்குள் ஒன்றோடொன்று ஒட்டாத தனித்தனிச் சமூகங்கள் உருவாகாமல் பார்த்துக்கொள்வதில் அரசுக்கு அக்கறை இருக்கிறது என்ற வாதத்தை ஒப்புக்கொண்டது. அவர்கள் வேறு எதையோ மனதில் வைத்துச் சொன்னது. எனக்கு எங்கள் ஊர்தான் ஞாபகம் வந்தது.

வெளிப்படையாகவே எழுதுகிறேன். எங்கள் தெரு முழுக்கப் பங்காளி வீடு, மாமன் மச்சான் வீடு. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் காலனி. பாப்பாவை வீட்டில் வைத்துப் படிக்க வைத்தால், அவள் பழகப்போகிற ஒவ்வொரு பிள்ளையும் எங்கள் சாதிப் பிள்ளையாகத்தான் இருக்கும். கல்யாணம், காதுகுத்து, கிடா வெட்டு, எங்கே போனாலும் அதே முகங்கள்.

2012 நவம்பர் 7-ஆம் தேதி நான் தர்மபுரியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். சாதி கடந்த ஒரு கல்யாணத்தைச் சாக்காக வைத்து நத்தம் காலனி உட்பட மூன்று தலித் குடியிருப்புகளைத் தாக்கினார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தும் உடைந்தும் போயின. என் பக்கத்தில் உட்காருகிற தோழி அந்தச் சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவள். பல நாள் வரவில்லை. எங்கள் வீட்டிலும் தெருவிலும் அப்போது பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன். அந்தப் பேச்சை என்னால் நம்ப முடியாமல் போனதற்கு ஒரே காரணம் அந்த பெஞ்ச்தான். அவள் டப்பாவில் என்ன கொண்டுவருவாள், அவள் அப்பா எந்த ஊரில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார், அவள் தம்பி என்ன படிக்கிறான் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் தெருவில் சொன்னதுதான் எனக்கும் உண்மையாக இருந்திருக்கும்.

இதை என் கணவரிடம் சொன்ன ராத்திரி அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இப்ப போற ஸ்கூல்ல மட்டும் எல்லாரும் இருக்காங்களா?" என்றார். சரியான கேள்வி. ஃபீஸ் கட்ட முடிந்தவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். வேன் வந்த பிறகு எங்கள் தெருப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஊர்ப் பள்ளியை விட்டுப் போய்விட்டார்கள்.

இடையில் ஒருநாள் நாகர்கூடலில் இருக்கிற புவிதம் பள்ளியைப் பார்த்துவிட்டு வந்தோம். கட்டடக்கலை படித்த மீனாட்சி என்பவர் தொடங்கியது. வழக்கமான பள்ளிக்குத் தன் பிள்ளைகளை அனுப்ப மனமில்லாதவர், அவர்களை வீட்டோடு வைத்துக்கொள்ளவில்லை. சுற்றியிருக்கிற கிராமத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு ஒரு பள்ளியாக்கினார். பிழைப்புக்காக வெளியூர் போகிற குடும்பங்களின் பிள்ளைகளும் அங்கே தங்கிப் படித்திருக்கிறார்கள். மண்ணில் கைவைத்து வேலை செய்வதும் அங்கே பாடம்தான். எங்கள் ஊரிலிருந்து தினமும் போய்வர முடியாத தூரம், அந்த வயதில் விடுதியில் விட எனக்கு மனமில்லை. ஆனால் திரும்பி வரும் வழியில் எங்கள் இருவர் பேச்சும் ஒரே பக்கம் திரும்பிவிட்டது.

பாப்பாவை ஜூனில் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் சேர்க்கிறோம். நடந்து போகிற தூரம். காலை ஏழேகால் வேன் கிடையாது. காலை உணவுத் திட்டத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து உப்புமாவோ பொங்கலோ சாப்பிடுகிறார்கள், அவளும் உட்காருவாள். சாயங்காலமும் சனிக்கிழமையும் எங்களுடையது. மண்டிக்குப் போகும் தக்காளிக்குப் பெட்டிக் கணக்கு எழுதுவதை அவள் அப்பா அவளிடம் கொடுக்கப் போகிறார்: இத்தனை பெட்டி, இன்ன விலை, கமிஷன், வண்டி வாடகை, பறித்த கூலி போக மிச்சம் எவ்வளவு. இங்கிலீஷ் நான் பார்த்துக்கொள்வேன். வீட்டில் வைத்துச் செய்ய நினைத்ததில் முக்கால்வாசி இதில் அடங்கிவிடுகிறது. அரையாண்டுத் தேர்வுக்குள் ஞாயிறு வயிற்று வலி மறுபடி வந்தால் பேச்சைத் திரும்ப எடுப்பேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதற்கு நான் ஒத்துக்கொண்டேன்.

டிசி கேட்டு எழுதிக் கொடுத்தாயிற்று. ஒவ்வொரு மாணவருக்கும் அரசுப் பதிவில் இருக்கிற எமிஸ் எண்ணை வைத்து இங்கே மாற்றிக்கொள்ளலாம், வேறு சிக்கல் ஒன்றுமில்லை என்று தலைமை ஆசிரியை சொன்னார்.

சிக்கல் வீட்டில்தான். "போயும் போயும் அங்கயா அனுப்பப் போற? நம்ம வீட்ல சோறு இல்லையா?" என்றார் அத்தை. அங்கே என்றால் என்ன என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதே பள்ளியில் படித்துத்தான் உங்கள் மகன் பெங்களூர் போனார் என்றேன். அது அந்தக் காலம் என்றார். பாப்பாவோடு படிக்கிற பிள்ளைகள் விளையாட வந்தால் திண்ணையோடு நிறுத்தக்கூடாது, உள்ளே வந்து அதே டம்ளரில் தண்ணீர் குடிப்பார்கள் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். அத்தை இன்னும் பதில் சொல்லவில்லை. மாமனார் மட்டும், வரட்டும்மா, பாடம் கேக்க எனக்கும் ஆளு கிடைக்கும் என்றார்.